கத்தாமல் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேச என்ன பயிற்சி?

பின்வரிசை

வணக்கம். எனக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும் வேலை. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் நின்றுகொண்டே பேச வேண்டும். மதியம் தாண்டினால் குரல் கம்மத் தொடங்கும். மாலையில் வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டத்தான் தெம்பு இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. காலையில் குரல் நன்றாக இருக்கும்போதே பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் "கடைசியா என்ன சொன்னீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகச் சத்தத்தைக் கூட்டினால் தொண்டை இன்னும் சீக்கிரம் கட்டிக்கொள்கிறது.

வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டு படி, அடிவயிற்றிலிருந்து பேசு, வெந்நீரில் கொப்பளி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? செய்து பலன் கண்டவர்கள் சொல்லுங்கள்.

செய்திக்குரல்

தினமும் அரை மணி நேரம் உரக்கப் படியுங்கள். கதை, கட்டுரை, எதுவானாலும் சரி. நெடுங்காலம் ஒலிபரப்பில் செய்தி வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு ஈடான பயிற்சி இல்லை.

மூச்சும்பேச்சும்

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வாசிப்பு உச்சரிப்பைத் திருத்தும். ஆனால் பின்வரிசையின் தொண்டை நாள் முழுக்க உழைத்துக் களைத்தது. அதன்மேல் இன்னும் அரை மணி நேரம் உரக்கப் படித்தால் இருக்கிற பழக்கம்தான் இறுகும். நான் பேச்சுச் சிகிச்சையாளர். குரல் போய்விட்டது என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கும் குரலில் வலு நிறையவே இருக்கிறது. அந்த வலுவைத் தொண்டையில் கொட்டுகிறார்கள், அதுதான் சிக்கல்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொன்னால் பயிற்சி ஏன் என்று புரியும். குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிர வைக்கிறது. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை, பெண்களுக்கு 200 முறையை ஒட்டி, அவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஒரு மணி நேரப் பேச்சு என்றால் லட்சக்கணக்கான மோதல்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் பலமாக விழுந்தாலே மாலைக்குள் விளிம்பு வீங்கும். வீங்கிய விளிம்புகள் சரியாகப் பொருந்தாமல் காற்று கசியும். குரல் கம்முவது அதனால்தான். அப்போது நாம் என்ன செய்கிறோம்? இன்னும் அழுத்துகிறோம்.

ஆகவே முதலில் மோதலைக் குறைக்க வேண்டும். இதற்கு ஸ்ட்ரா ஒன்று போதும். பானம் குடிக்கும் சாதாரண ஸ்ட்ராதான். உதட்டை அதைச் சுற்றி இறுக்கமில்லாமல் மூடி, அதன் வழியே 'ஊ' என்று ஒலி எழுப்புங்கள். நடுவில் ஒரு கணம் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறவில்லை என்றால் எல்லாம் ஸ்ட்ரா வழியாகவே போகிறது. மாறினால் மூக்கு வழியே கசிகிறது. முதலில் ஒரே சுருதியில் பிடியுங்கள். அப்புறம் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். மேலே போகையில் கழுத்து நரம்பு புடைத்தால் அந்த உயரம் இன்றைக்கு வேண்டாம்.

அடுத்தது முக்கியம். வகுப்பில் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை எடுத்து, சொல் எதுவும் இல்லாமல் அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஸ்ட்ராவுக்குள் பேசுங்கள். ஸ்ட்ராவை எடுத்த கையோடு அதே வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பலருக்கு அந்த முதல் சில நொடிகளிலேயே குரல் முன்னால் வந்து விழுவது தெரியும். வாய்முனை குறுகலாக இருப்பதால் காற்று பின்னுக்குத் தள்ளும். அந்த எதிரழுத்தம், நாண்கள் இடித்துக்கொள்ளாமல் அதிர உதவுகிறது. அமெரிக்கக் குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே இதன் இயற்பியலை 2006-இல் விரிவாக எழுதினார். பின்லாந்தில் 1960-களிலேயே கண்ணாடிக் குழாயின் நுனியைத் தண்ணீரில் வைத்து இதைச் செய்து வந்தார்கள்.

ஒரு முறைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். வகுப்புக்கு முன்னால், இடைவேளையில், எல்லாம் முடிந்த பிறகு என்று பிரித்துச் செய்யுங்கள். மொத்தமாக ஒரே தடவையில் செய்வதைவிட இது நல்லது.

தலைக்கருவி

தொலைபேசி வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன், எனக்கும் இதே கதைதான். ஆனால் அலுவலகத்தில் ஸ்ட்ராவை வைத்துக்கொண்டு 'ஊ' என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு வழி உண்டா அக்கா?

மூச்சும்பேச்சும்

உண்டு. உதடுகளைத் தளர்த்தி 'ப்ர்ர்ர்' என்று அதிரவிடுங்கள். அதற்கும் தயக்கமாக இருந்தால் வாயை மூடி 'ம்ம்ம்'. மூக்குத் தண்டிலும் மேலுதட்டிலும் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். தெரியாமல் தொண்டையில் மட்டும் உறுத்தினால் சத்தத்தைக் குறையுங்கள், பற்களுக்கு இடையே கொஞ்சம் இடம் விடுங்கள். அதிர்வு வந்ததும் 'ம்ம்மா, ம்ம்மே, ம்ம்மோ' என்று வாயைத் திறங்கள். பிறகு 'மழை மேகம் மலை மேலே' மாதிரி மகரம் நிறைந்த ஒரு தொடர். வாய் திறந்த பிறகும் அந்த அதிர்வு உதட்டருகே தங்கியிருக்கிறதா என்பதுதான் சோதனை.

உங்கள் வேலையில் இன்னொன்றும் இருக்கிறது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம்மை அறியாமலே குரல் உயரும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் கவனித்துச் சொன்னது இது. உங்கள் குரலே உங்கள் காதில் மெல்லத் திரும்பக் கேட்கும் அமைப்பு கருவியில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு காதைத் திறந்து வையுங்கள். தன் குரல் தனக்குக் கேட்டால் ஆள் கத்தமாட்டார்.

மூன்றாம்மணி

நாடகக்காரன் நான். 'அடிவயிற்றிலிருந்து பேசு' என்று பின்வரிசை எழுதியிருந்தார். அந்த வார்த்தையை நம்பி வயிற்றை இறுக்கிக்கொண்டு முக்குபவர்களை ஒத்திகையில் நிறையப் பார்க்கிறேன். குரல் வயிற்றில் பிறப்பதில்லை. உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கிற தசை. அது கீழே இறங்கும்போது வயிறு முன்னால் வரும். பேசும்போது நமக்குத் தேவை, அந்தக் காற்று மொத்தமாகக் கொட்டிவிடாமல் சீராக வெளியேறுவது. அந்த வேலையை வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் பார்க்கின்றன.

தரையில் மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தொப்புள் மேலும் மறு கையை நெஞ்சு மேலும் வையுங்கள். எதுவும் செய்யாமல் சும்மா மூச்சு விட்டாலே கீழ்க்கை ஏறி இறங்கும், மேல்கை கிட்டத்தட்ட அசையாது. அந்த நிலையில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை விடுங்கள். எத்தனை நொடி வருகிறது என்று பார்க்காதீர்கள். அந்த 'ஸ்' ஒரே அளவில் இருக்கிறதா, நடுவில் தடித்து மெலிகிறதா என்று கேளுங்கள். காற்று முழுக்கத் தீருவதற்கு முன்பே நிறுத்துங்கள். பிறகு எழுந்து நின்று அதையே செய்யுங்கள். நின்றதும் தோள் தூக்கும், முழங்கால் விறைக்கும். அதைக் கவனித்துத் தளர்த்துவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் தொண்டை குறுகியிருக்கிறது. சத்தமில்லாத மூச்சு வந்துவிட்டால் அடுத்து வரும் சொல்லும் இறுக்கமில்லாமல் வரும்.

பின்வரிசை

படுத்துக்கொண்டு 'ஸ்' செய்தேன், சீராக வருகிறது. நின்றால் கடைசியில் நடுங்குகிறது. வாக்கியத்தைப் பேசும்போதும் இதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். தொடக்கம் நன்றாக எழுகிறது, முடிவு தேய்ந்துபோகிறது.

செய்திக்குரல்

உங்களுக்குக் 'கடைசியா என்ன சொன்னீங்க' என்ற கேள்வி வருவதற்குக் காரணம் இதுவேதான். விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் வினை கடைசியில் வரும். முடியும், முடியாது, செய்யுங்கள், செய்யக் கூடாது என்று வாக்கியத்தின் தலையெழுத்தே கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. நம் மூச்சு தீர்வதும் சுருதி இறங்குவதும் அதே இடத்தில். 'சிவப்பு விளக்கு எரியும்போது இந்தப் பிடியைத் தொடக் கூடாது' என்று சொல்லுங்கள். மூச்சு போதாவிட்டால் கடைசி வரிசைக்குத் 'தொட' வரைதான் போய்ச் சேரும். சேதி தலைகீழாகிவிடும். அதனால் தமிழில் செய்தி வாசிப்பவருக்கு மூச்சுக் கணக்கு உயிர்நாடி.

பயிற்சி இப்படி. வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள்.

தொடக் கூடாது.
இந்தப் பிடியைத் தொடக் கூடாது.
எரியும்போது இந்தப் பிடியைத் தொடக் கூடாது.
சிவப்பு விளக்கு எரியும்போது இந்தப் பிடியைத் தொடக் கூடாது.

ஒவ்வொரு முறையும் 'கூடாது' முதல் வரியில் எப்படி ஒலித்ததோ அப்படியே ஒலிக்க வேண்டும். சுருதி இறங்கலாம், அது இயல்பு. சத்தமும் உச்சரிப்பும் இறங்கக் கூடாது. நான்காவது வரியில் தேய்ந்தால் நடுவில் ஓர் இடத்தில் மூச்சு வாங்குங்கள். 'எரியும்போது' என்பதற்குப் பின்னால் நிற்கலாம், 'இந்தப் பிடியை' என்பதைப் பிளக்கலாகாது. தாளில் எழுதி, மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். செய்தி வாசிக்கும் தாளில் நாங்கள் அப்படித்தான் போட்டுக்கொள்வோம்.

இன்னொன்று, நெடில். வேகத்தில் 'நாளை காலை' என்பதில் 'நா'வும் 'கா'வும் குறுகிவிடும். இலக்கணம் நெடிலுக்கு இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறது, அதை முழுசாகக் கொடுங்கள். தூரத்துக்கு எட்டுவது உயிரொலி. என்ன சொல் என்று பிரித்துக் காட்டுவது மெய்யொலி. நெடிலை நீட்டினால் கத்தாமலே குரல் எட்டும். க், ட், த், ப், ற் ஆகியவற்றைத் தெளிவாக ஒற்றினால் பின்னால் இருப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

மூச்சும்பேச்சும் அம்மா, உரக்கப் படிக்கச் சொன்னதை நான் விடமாட்டேன். ஆனால் ஸ்ட்ராவுக்கு அப்புறம், பத்து நிமிடம், இயல்பான சத்தத்தில் என்று திருத்திக்கொள்ளலாம்.

மூச்சும்பேச்சும்

அப்படியென்றால் எனக்கு முழுச் சம்மதம் ஐயா. பின்னாலிருந்து கட்டும் முறையை என்னிடம் வருபவர்களுக்கும் சொல்லப்போகிறேன்.

புதுமுகம்

பேனா விஷயத்தை யாரும் தொடவில்லையே? கிரேக்கப் பேச்சாளர் டெமொஸ்தெனீஸ் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறாரே.

மூச்சும்பேச்சும்

எழுதியிருக்கிறார். கல்லை வாயில் போடுவது மட்டும் வேண்டாம், தொண்டைக்குள் போனால் ஆபத்து. பேனாவைக் கடிக்கும்போது தாடைத் தசை இறுகுகிறது. நாம் தளர்த்த நினைப்பதே அந்தத் தசையைத்தான். காதுக்கு முன்னால், கன்னத்தில் விரல் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், ஒரு கட்டி எழும். அந்த இடத்தை மெல்லச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வாயைத் தொங்கவிட்டு, 'யா யா யா' என்று சொல்வதில் கிடைக்கும் தெளிவு பேனாவில் கிடைக்காது.

மூன்றாம்மணி

இதில் நான் வேறுபடுகிறேன். முன்பற்களுக்கு இடையில் சும்மா நிறுத்தி, கடிக்காமல், ஒரே ஒரு நிமிடம் வசனம் பேசிவிட்டு எடுத்தால் நாக்கு சுறுசுறுப்பாகிறது. தடை இருக்கும்போது நாக்கும் உதடும் கூடுதலாக உழைக்கின்றன, எடுத்ததும் அந்த உழைப்பு மிச்சமாக நிற்கிறது. எங்கள் குழுவில் மேடையேறுவதற்கு முன் எல்லோரும் செய்கிறோம்.

மூச்சும்பேச்சும்

கடிக்காமல் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், அது போதும். தாடை மூட்டில் வலியோ 'கடக்' என்ற சத்தமோ இருப்பவர்கள் செய்யவே வேண்டாம். அதற்கு மேல் இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன் சகோ.

ஆழ்கடல்

வேறொரு கேள்வி. என் குரல் மெல்லிசு. நேர்காணல்களில் கனமாக இருக்கட்டும் என்று தாழ்த்திப் பேசுகிறேன். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஆகிவிடுகிறது. குரலைத் தாழ்த்த ஏதாவது பயிற்சி?

மூன்றாம்மணி

தாழ்த்த வேண்டாம். சுருதியின் அடிமட்டத்தில் நின்று பேசினால் குரலுக்கு மேலே ஏறவும் இடமில்லை, கீழே இறங்கவும் இடமில்லை. எட்டவும் எட்டாது. யாராவது கதை சொல்லும்போது நீங்கள் 'ம்' கொட்டுவீர்கள் அல்லவா? யோசிக்காமல் வருகிற அந்த 'ம்' எந்தச் சுருதியில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதுதான் உங்கள் சொந்த இடம். 'ம்... என் பெயர்...' என்று அந்த 'ம்'மிலிருந்தே பேச்சைத் தொடங்கிப் பழகுங்கள். கனம் என்று கேட்பவர் உணர்வது நிதானத்தையும், கடைசிச் சொல் வரை தேயாத ஒலியையும்தான்.

பதிவு செய்து கேட்கும்போது 'இது என் குரலா' என்று மனம் சுருங்கும். நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்பதால் அடித்தட்டு ஒலி கூடுதலாகத் தெரியும், பதிவில் அது இருக்காது. மற்றவர்கள் எப்போதும் கேட்டு வந்தது பதிவில் இருக்கும் குரலைத்தான். அதனால் அதை வெறுக்காமல் வேலைக்குப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை, ஒரே பத்தி, கைபேசியை ஒரே தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

தலைக்கருவி

தொண்டை கட்டும் நாட்களில் நான் குசுகுசுவென்று பேசி ஓய்வு கொடுப்பேன். அது சரியா? தண்ணீர் அடிக்கடி குடிக்கிறேன்.

மூச்சும்பேச்சும்

குசுகுசுப்பது பலருக்கு ஓய்வு ஆகாது, குரல்வளையை அழுத்தித்தான் அந்தச் சத்தத்தைப் பிழிகிறார்கள். மெல்லிய, இயல்பான குரலில் குறைவாகப் பேசுங்கள், அல்லது பேசாமல் இருங்கள். அடிக்கடி செருமுவதும் நாண்களை வேகமாக இடிக்க வைக்கும். செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள்.

தண்ணீர் நல்லது. ஆனால் குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. உடம்பில் கலந்துதான் அங்கே ஈரம் சேரும், அதற்கு நேரம் பிடிக்கும். எனவே தொண்டை வறண்ட பிறகு மடமடவென்று குடிப்பதைவிட நாள் முழுக்கப் பரவலாகக் குடியுங்கள். கொப்பளிப்பதும் நாண்கள் வரை போகாது, தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆவி பிடித்தால் அந்த ஈரம் நேரே போய்ச் சேரும்.

பின்வரிசைக்கு: மைக் கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அந்த இழப்பைத் தொண்டைதான் ஈடுகட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பயிற்சி செய்கிறவர்கள் மைக்கை ஒரு குறையாக நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லோருக்கும் ஒன்று. சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமலே கரகரப்பு மூன்று நான்கு வாரம் நீடித்தால் பயிற்சியைத் தொடராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். புகைபிடிப்பவர்கள், இருமலில் இரத்தம், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், கழுத்தில் கட்டி உள்ளவர்கள் அத்தனை நாள் காத்திருக்கவே வேண்டாம். கத்தும்போது திடீரென்று குரல் அறுந்துபோனால் உடனே பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம். குரல்நாண்களை உயிருள்ள மனிதரிடம் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வழியை 1854-இல் கண்டவர் மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். இன்று அது சில நிமிட வேலை.

கிழக்குவாசல்

இழையை முழுதும் படித்தேன். அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. நாங்கள் "சத்தமா பேசுங்கப்பா" என்றால் "கத்திட்டுத்தானே இருக்கேன்" என்கிறார். இங்கே எல்லோரும் அழுத்தாதீர்கள் என்கிறீர்கள். அவருக்கும் ஸ்ட்ராதானா?

மூச்சும்பேச்சும்

இல்லை சகோதரி, அவருக்கு வழி வேறு. பார்க்கின்சனில் தன் சத்தத்தை அளக்கும் உணர்வே மாறிவிடுகிறது. நமக்கு முணுமுணுப்பாகக் கேட்பது அவருக்குள் கத்தலாகத் தெரிகிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருக்கிறது. அங்கே பயிற்சியின் குறிக்கோளே 'சத்தமாக' என்ற ஒன்றுதான். 'லீ சில்வர்மன் குரல் சிகிச்சை' என்று 1980-களில் உருவான முறை ஒன்று உண்டு. வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம், மொத்தம் 16 அமர்வுகள், வீட்டிலும் தினமும் பயிற்சி. 'ஆ' என்று நல்ல ஒலியில் நீண்ட நேரம் பிடிப்பது, சுருதியை ஏற்றி இறக்குவது, அவர் அன்றாடம் சொல்லும் தொடர்களை அதே சத்தத்தில் சொல்வது என்று போகும். தொண்டையை இறுக்காமல் அந்தச் சத்தத்தை எடுக்கிறாரா என்று பக்கத்திலிருந்து பார்க்க ஆள் வேண்டும், அதனால் இதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரைப் பிடியுங்கள்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யலாம். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து அவரையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அது அவருக்குப் புரியும். அப்புறம் தினமும் அவர் வாயில் வரும் பத்துத் தொடர்களை, 'தண்ணீர் கொண்டு வா', 'யார் வந்திருக்கிறது', உங்கள் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர், எழுதி எடுத்து வையுங்கள். சிகிச்சையாளர் முதல் நாளே அதைக் கேட்பார்.

கிழக்குவாசல்

இன்று இரவே எழுதுகிறேன் அக்கா. பெயர்களில் 'ழ' வருவது அவருக்கு அதிகம் குழறுகிறது, அதையும் சேர்க்கட்டுமா?

மூச்சும்பேச்சும்

சேருங்கள், ஆனால் 'ழ'வைத் திருத்தாதீர்கள். சத்தம் கூடும்போது வாயும் கூடுதலாகத் திறக்கும், நாக்கும் தன் இடம் வரை போகும். பலருக்கு உச்சரிப்பு அதிலேயே தெளிகிறது. அவர் மனதில் ஒரே ஒரு வேலை இருக்கட்டும்.